பெயர் பொறிக்கப்படாத வீரர்கள்
(பிரிட்டிஷ் படைகளில் பணியாற்றிய கறுப்பின, ஆசிய, ஒடுக்கப்பட்ட மக்களைப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு)

போரிலே பட்ட வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் பெருமையையும் அதிற் பொறித்து வைப்பது தமிழர்தம் தொன்மையான மரபாகும். திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பகுதியிலே கிடைத்துள்ள பல்லவர் கால நடுகற்கள் இதற்குச் சான்று. அவற்றுள் எடுத்தனூரில் உள்ள நடுகல் ஒன்று பெரிதும் குறிப்பிடத்தக்கது. மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்த அக்கல்லில், மாண்ட வீரனோடு நின்று கள்வரைக் கடித்துப் போரிட்ட நாய் ஒன்றின் உருவமும், 'கோவிவன்' என்னும் அதன் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்னர் உடன் நின்ற நாய்க்கும் நன்றி மறவாது பெயர் பொறித்தனர் நம் முன்னோர்.

ஆனால் நாகரிகத்தின் உச்சியில் நின்றதாகக் கூறிக்கொண்ட இருபதாம் நூற்றாண்டிலே, பேரரசு ஒன்றுக்காக உயிர் நீத்த இலட்சக்கணக்கான மனிதர்களுக்குப் பெயர் பொறித்த கல் இல்லை. அவர்கள் யார்? ஏன் அவர்கள் பெயர்கள் விடுபட்டன? அவ்வரலாற்றிலே நம் போன்ற ஒடுக்கப்பட்ட மக்களின் பங்கு யாது? அதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது யாது? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கல்வியையே தன் பணியாகக் கொண்டு இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்துள்ள நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரிலே இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு. அதனைக் கட்டுரையின் இறுதியிலே காணலாம்.

அழைப்பை ஏற்றுச் சென்றோர்

1914 முதல் 1918 வரை நடைபெற்ற முதல் உலகப் போரிலே பிரிட்டன் தன் சொந்த மக்களைக் கொண்டு மட்டும் போரிடவில்லை. அன்றைய பிரிக்கப்படாத இந்தியாவிலிருந்து பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கடல் கடந்து சென்று பிரான்சு, மெசப்பொட்டேமியா, கிழக்கு ஆப்பிரிக்கா, கல்லிப்போலி, பாலஸ்தீனம் முதலிய களங்களிலே பணியாற்றினர். அவர்களுள் ஏறத்தாழ 74,000 பேர் திரும்பி வரவில்லை. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து 15,000க்கும் மேற்பட்டோர் சென்றனர். கிழக்கு ஆப்பிரிக்காவிலே ஏறத்தாழ பத்து இலட்சம் ஆப்பிரிக்கர் சுமைதூக்கும் பணியிலே ஈடுபடுத்தப்பட்டனர்.

இரண்டாம் உலகப் போரிலே இந்தியப் படையின் எண்ணிக்கை 25 இலட்சமாக உயர்ந்தது. கட்டாய ஆள்சேர்ப்பு இன்றித் தாமாகச் சேர்ந்தவர்களைக் கொண்டு அமைந்த படைகளில் உலகிலேயே மிகப் பெரியது அதுவேயாம். ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளிலிருந்து ஏறத்தாழ 5 இலட்சம் பேர் சேர்ந்தனர். பர்மாக் காடுகளிலே ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட பதினான்காம் படையிலே இந்தியரும் கூர்க்காக்களும் ஆப்பிரிக்கருமே பெரும்பான்மையினர். இங்கிலாந்தைக் காத்தவர் வெள்ளையர் மட்டுமே என்று எண்ணுவோர் இந்த எண்களை ஒருமுறை படித்தல் நலம்.

நிறத்தின் பெயரால் ஒரு தடை

இவ்வளவு பேரை அழைத்துக்கொண்ட பேரரசு, அவர்களைச் சமமாக நடத்தியதா? இல்லை என்பதே வரலாறு தரும் விடை.

முதல் உலகப் போரின் போது நடைமுறையிலிருந்த பிரிட்டிஷ் இராணுவச் சட்டக் கையேட்டின்படி, வெள்ளையரல்லாதவர் அதிகாரியாக நின்று கட்டளையிடுதல் கூடாது. ஐரோப்பிய இரத்தம் உடையவரே அதிகாரியாதல் வேண்டும் என்பது விதி. அவ்விதியையும் மீறி உயர்ந்த ஒருவர் வால்டர் டல் என்பவர். பார்படாஸ் தீவிலிருந்து வந்த தச்சர் ஒருவருக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் 1888இல் ஃபோக்ஸ்டோன் நகரிலே பிறந்து, பெற்றோரை இழந்து அநாதை விடுதியிலே வளர்ந்தவர் அவர். டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர், நார்தாம்ப்டன் ஆகிய குழுக்களிலே கால்பந்து ஆடிப் புகழ் பெற்றவர். போர் மூண்டதும் படையிற் சேர்ந்து, 1917 மே மாதத்தில் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். இத்தாலியக் களத்திலே இவர் காட்டிய துணிவை மேலதிகாரி எழுத்து மூலம் பாராட்டினார். 1918 மார்ச் 25ஆம் நாள் பிரான்சிலே குண்டடிபட்டு வீழ்ந்தார். உடலை மீட்க அவருடைய வீரர்கள் முயன்றும் இயலவில்லை. அராஸ் நினைவுச் சுவரிலே இவர் பெயர் இருக்கிறது. விதி தடுத்தது, ஆயினும் தகுதி வென்றது. இத்தகைய வெற்றி அன்று எத்தனை பேருக்குக் கிட்டியது?

மேற்கிந்தியத் தீவினரின் நிலையைப் பாருங்கள். 1915இல் அவர்களுக்கெனத் தனி ரெஜிமெண்ட் அமைக்கப்பட்டது. அதன் இரு பட்டாளங்கள் பாலஸ்தீனத்திலும் ஜோர்டான் பள்ளத்தாக்கிலும் துருக்கியரை எதிர்த்து நன்கு போரிட்டன. ஏனைய பட்டாளங்களில் பெரும்பாலானவற்றுக்குக் குண்டுப் பெட்டிகளைச் சுமப்பதும் குழி வெட்டுவதுமே பணியாயிற்று. போர் முடிந்தபின் இப்பட்டாளங்கள் இத்தாலியின் டரன்டோ துறைமுகத்திலே ஒருங்கு சேர்க்கப்பட்டன. 1918ஆம் ஆண்டின் இராணுவ ஆணை ஒன்று பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஊதிய உயர்வு வழங்கியது. 'நீங்கள் பழங்குடிப் படையினர். உங்களுக்கு இது பொருந்தாது' என்பது போல இவர்களுக்கு அது மறுக்கப்பட்டது. அத்துடன், பிறர் அழுக்குத் துணிகளைத் துவைக்கவும் கழிப்பிடங்களைத் துப்புரவு செய்யவும் பணிக்கப்பட்டனர்.

இளைஞர்களே, சற்று நின்று எண்ணிப் பாருங்கள். துப்பாக்கி ஏந்தப் போனவன் கையில் துடைப்பத்தைத் தருவது எதனால்? அவன் செய்த பணியைப் பார்த்தா, அவன் பிறந்த பிறப்பைப் பார்த்தா? இவ்வினாவின் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1918 டிசம்பர் 6ஆம் நாள் அவ்வீரர்கள் பணிய மறுத்தனர். சார்ஜண்டுகள் 180 பேர் கையொப்பமிட்டு முறையீடு அனுப்பினர். கிளர்ச்சி அடக்கப்பட்டது, பலருக்கு நெடுங்காலச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆயினும் அம்மாதத்திலேயே சார்ஜண்டுகள் சிலர் கூடிக் 'கரீபியன் லீக்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். தம் தீவுகளைத் தாமே ஆள வேண்டும் என்னும் எண்ணம் அங்கே பேசப்பட்டது.

பெயரற்றுப் போனவர்கள்

கிழக்கு ஆப்பிரிக்கக் களத்தின் கதை இதனினும் துயரமானது. அங்கே சாலைகள் இல்லை. வண்டி இழுக்கும் விலங்குகளை ஈக்கள் பரப்பிய நோய் கொன்றது. எனவே சோறும் குண்டும் மருந்தும் மனிதர் தலைமீதே சென்றன. பசியாலும் காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் மாண்ட சுமைதூக்கிகள் குறைந்தது 95,000 பேர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. நைரோபியிலே 'கரியகோர்' என்றும் டார் எஸ் சலாமிலே 'கரியாகூ' என்றும் வழங்கும் இடங்கள் இன்றும் உள்ளன. 'கேரியர் கோர்' என்ற அந்தச் சுமைதூக்கிப் படையின் பெயரே அவ்வாறு மருவி நிற்கின்றது. மாண்ட மனிதர்களின் பெயர்களோ எங்கும் பொறிக்கப்படவில்லை.

1917இலே போர்க்கல்லறை ஆணையம் நிறுவப்பட்டபோது, பதவி, இனம், சமயம் என்னும் வேறுபாடின்றி ஒவ்வொரு வீரனுக்கும் பெயர் பொறித்த நினைவு அமையும் என்ற உயர்ந்த கொள்கை அறிவிக்கப்பட்டது. பிரான்சிலே அக்கொள்கை பெரும்பாலும் காக்கப்பட்டது. நெவ் ஷப்பேல் என்னுமிடத்தில் 1927இல் திறக்கப்பட்ட நினைவகத்திலே 4,700க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் உள்ளன. ஐரோப்பாவைத் தாண்டியதும் கொள்கை மாறிற்று. கோல்ட் கோஸ்ட் நாட்டின் ஆளுநராக இருந்த ஒருவர், அங்குள்ள சாதாரண மனிதனுக்குக் கல்லறைக் கல்லின் அருமை விளங்காது என்று கருத்துரைத்தார். நைரோபியிலும் டார் எஸ் சலாமிலும் வெண்கலச் சிலைகள் நிறுவப்பட்டன. நாட்டுக்காகப் போரிட்டு மாண்டாலும் உன் பெயரை உன் மக்கள் நினைவு கூர்வர் என்னும் கருத்துடைய வாசகம் அவற்றின்கீழ் எழுதப்பட்டது. எழுதப்படாதது ஒன்றே: அந்தப் பெயர்!

இந்த அநீதி நூறாண்டுகளுக்குப் பின்னரே ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்த ஆணையமே 2021 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வறிக்கையில், குறைந்தது 1,16,000 பேரும், ஒருவேளை 3,50,000 பேர் வரையிலும், பெயரால் நினைவு கூரப்படாமலோ அடியோடு நினைவு கூரப்படாமலோ விடப்பட்டனர் என்று கூறப்பட்டது. அவர்களுட் பெரும்பாலோர் ஆப்பிரிக்கரும் மத்திய கிழக்கினரும் ஆவர். பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்திலே மன்னிப்புக் கேட்டார்.

வீர இனம் என்னும் கட்டுக்கதை

கடல் கடந்த நாடுகளில் நிறம் செய்த வேலையை நம் நாட்டிலே சாதி செய்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் முதன்முதலாகப் படை திரட்டியபோது ஒடுக்கப்பட்ட மக்களை விலக்கவில்லை. பம்பாய்ப் படையிலே மகர்கள் திரளாக இருந்தனர். 1818 சனவரி முதல் நாள் கோரேகாவில் நடந்த போரிலே கம்பெனிப் படையில் மாண்டோர்க்காக எழுப்பப்பட்ட தூணில் உள்ள 49 பெயர்களில் 22 பெயர்கள் மகர்களுடையவை. சென்னைப் படையிலும் பறையர் குல மக்கள் பதினெட்டாம் நூற்றாண்டு முதலே பணிபுரிந்தனர். 1780இல் தொடங்கிய மரபையுடைய சென்னை சாப்பர்ஸ் படையிலே அவர்கள் பெருமளவில் இடம்பெற்றிருந்தனர். பாலம் கட்டுதல், பாதை வகுத்தல், கோட்டை மதிலைத் தகர்த்தல் ஆகியவை இப்படையின் பணிகள். முன்னணியிலே நின்று செய்ய வேண்டிய உயிருக்கு இடரான பணிகள் இவை.

பின்னர் என்ன நிகழ்ந்தது? 1857க்குப் பின், அதிலும் ராபர்ட்ஸ் பிரபு 1885 முதல் 1893 வரை தலைமைத் தளபதியாக இருந்த காலத்தில், 'வீர இனம்' என்னும் கோட்பாடு ஓங்கிற்று. வடமேற்கு இந்தியாவின் சில இனத்தாரே பிறவி வீரர். தென்னாட்டாரும் தீண்டத்தகாதார் எனப்பட்டோரும் போருக்கு உதவார் என்று முடிவு கட்டினர். சென்னைக் காலாட்படை படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 1892ஆம் ஆண்டளவில் மகர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. நேற்று வரை வீரனாயிருந்தவன் ஓர் ஆணையால் வீரமற்றவன் ஆனான்!

இக்கோட்பாடு பொய் என்பதை அதை வகுத்தவர்களே மெய்ப்பித்தனர். முதல் உலகப் போரிலே ஆள் பற்றாக்குறை ஏற்பட்டவுடன் 1917இல் 111ஆம் மகர் பட்டாளம் அமைக்கப்பட்டது; போர் ஓய்ந்தபின் 1921இல் கலைக்கப்பட்டது. சென்னைக் காலாட்படைப் பட்டாளங்களும் 1920களின் இறுதிக்குள் கலைக்கப்பட்டன. மீண்டும் போர் வந்தது. 1941 அக்டோபரில் பெல்காமிலே மகர் ரெஜிமெண்ட் தோன்றியது. அதே காலத்தில் சென்னை ரெஜிமெண்டும் மீண்டும் உருவாயிற்று. 1943இல் சமார் ரெஜிமெண்ட் அமைக்கப்பட்டுக் கோகிமாப் போரிலே புகழ் பெற்றது. 1946 இறுதியிலே அதுவும் கலைக்கப்பட்டது. தேவை வந்தால் திறப்பதும் தேவை தீர்ந்தால் அடைப்பதுமாகிய இக்கதவுக்குத் 'தகுதி' என்று பெயரிட்டிருந்தனர். உண்மையில் அது ஆள்வோரின் வசதியேயாகும்.

தென்னாட்டார் போருக்கு உதவார் என்ற சொல்லுக்கு ஒரு தமிழர் அளித்த விடையை இங்கு நினைவு கூர்தல் தகும். காஞ்சிபுரத்தை அடுத்த கீழ் ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், சென்னை சாப்பர்ஸ் படையினர். 1944 பிப்ரவரி 24ஆம் நாள் இத்தாலியின் மின்யானோ என்னுமிடத்தில் கண்ணிவெடி அகற்றும் குழுவோடு சென்றபோது, உடன் வந்தவன் காலடியில் வெடியொன்று கிளம்பியது. சில விநாடிகளே இருந்தன. சுப்பிரமணியன் அவ்வெடியின்மேல் தாமே பாய்ந்து படுத்து, உடனிருந்தோரைக் காத்து உயிர் துறந்தார். ஜார்ஜ் சிலுவைப் பதக்கம் வழங்கப்பெற்ற முதல் இந்தியர் அவரே.

படைவீட்டிலே பெற்ற எழுத்தறிவு

இவ்வளவு உழைப்பும் உயிர்ப்பலியும் அம்மக்களுக்கு ஈட்டித் தந்தது யாது? பதக்கங்கள் வறுமையைப் போக்கவில்லை. ஊருக்குத் திரும்பிய வீரனைத் தீண்டாமை வாயிலிலேயே காத்திருந்து வரவேற்றது. அன்று கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட கானா நாட்டின் அக்ராவில், பர்மாவிலே போரிட்டுத் திரும்பிய முன்னாள் வீரர்கள், வாக்களித்த ஓய்வூதியத்தையும் வேலையையும் வேண்டி 1948 பிப்ரவரி 28ஆம் நாள் ஆளுநர் மாளிகையை நோக்கி முறையீட்டோடு அமைதியாகச் சென்றபோது சுடப்பட்டனர். சார்ஜண்ட் அஜெட்டே, கார்ப்பரல் அட்டிப்போ, சிப்பாய் ஒடார்ட்டே லாம்ப்டே ஆகிய மூவர் மாண்டனர். அச்சூட்டிலிருந்து எழுந்த கிளர்ச்சி, 1957இல் அந்நாடு விடுதலை பெறுவதற்கு வழி வகுத்தது.

ஆயினும் படையிலிருந்து திரும்பியோர் எவராலும் பறிக்க இயலாத ஒன்றையும் கொண்டு வந்தனர். அதுவே எழுத்தறிவு. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வாயிலிலே நிறுத்தப்பட்ட மகர் மக்களுக்குப் பம்பாய்ப் படையின் பள்ளிகள் கல்வி அளித்தன. வீரர்களும் அவர்தம் பிள்ளைகளும் படித்தனர். ஓய்வு பெற்ற படைவீரரான கோபால் பாபா வலங்கர், ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டதை எதிர்த்து விண்ணப்பம் வரைந்தார். 1910இல் சிவராம் ஜான்பா காம்ப்ளே இலண்டனிலிருந்த இந்தியா மந்திரிக்கு முறையீடு அனுப்பினார். சுபேதார் ராம்ஜி சக்பால் என்பவர் படைப்பள்ளியிலே ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் விளங்கியவர். மோவ் இராணுவக் குடியிருப்பிலே 1891 ஏப்ரல் 14ஆம் நாள் அவருக்குப் பிறந்த பதினான்காவது பிள்ளையே அண்ணல் அம்பேத்கர். தந்தை படையில் பெற்ற எழுத்தறிவை மகன் அரசமைப்புச் சட்டம் வரைய எடுத்துச் சென்றார்.

பிற நாடுகளிலும் இவ்வாறே நிகழ்ந்தது. மேற்கிந்தியப் படையிலே பணியாற்றிய கிளெனல் விக்கம், பார்படாஸ் திரும்பி இதழாசிரியராகி ஏழை உழைப்பாளர்க்காக எழுதினார். பிரிட்டிஷ் பீரங்கிப் படையிலே பதக்கம் பெற்ற நார்மன் மான்லி, சட்டம் பயின்று ஜமைக்காவின் முதலமைச்சர் ஆனார். ஜெர்மனியின் மீது வானூர்திகளில் 80 முறை பறந்து போரிட்ட டிரினிடாட்டைச் சேர்ந்த அல்ரிக் கிராஸ் பின்னர் நீதிபதியானார். கோல்ட் கோஸ்டிலே ஆசிரியராயிருந்த சேத் அந்தோணி, 1942இல் பிரிட்டிஷ் படையின் முதல் ஆப்பிரிக்க அதிகாரியாகி, பர்மாவிலே போரிட்டு, விடுதலைக்குப் பின் தம் நாட்டின் தூதரானார். துப்பாக்கியைத் திருப்பித் தந்துவிட்டு வந்த இவர்கள், எழுதுகோலைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர்.

'அந்நிய ஆட்சிக்காகப் போரிட்டதிலே என்ன பெருமை?' என்று கேட்போரும் உண்டு. கேள்வி நேர்மையானதே. அப்படைகள் பிற நாடுகளை அடக்கவும், நம் நாட்டையே அடக்கவும் பயன்பட்டன என்பதை மறைத்தல் ஆகாது. ஆயினும் சொந்த ஊரிலே பொதுக்கிணற்றில் நீர் எடுக்கவும் உரிமையற்றவன், வயிற்றுக்காகவும் மானத்திற்காகவும் படைக்குச் சென்றான். அவனைக் குறை கூறுமுன், அவனுக்கு வேறு வழி வைக்காத சமுதாயத்தைக் குறை கூறுதலே முறை. நாம் போற்ற வேண்டுவது பேரரசை அன்று. அவ்வளவு இழிவுக்கு நடுவிலும் தாழாத மனிதனின் மாண்பையே.

அண்மைக் காலமும் நம் கடமையும்

இக்கதை பழங்கதை அன்று. 1972இல் ஓமான் நாட்டின் மிர்பாத்திலே தனித்து நின்று பீரங்கியை இயக்கி மாண்ட தலாயாசி லபலபா, ஃபிஜித் தீவினர். ஈராக்கிலே 2004இல் தோழர்களைக் காத்தமைக்காக 2005இல் விக்டோரியா சிலுவை பெற்ற ஜான்சன் பெஹாரி, கிரெனடாவிலே பிறந்தவர். எனினும், 1997க்கு முன் ஓய்வு பெற்ற கூர்க்காக்களில் நான்காண்டுப் பணி முடித்தோர் பிரிட்டனிலே குடியேறும் உரிமையை 2009இல் பெரும் போராட்டத்திற்குப் பின்னரே பெற்றனர். காமன்வெல்த் நாட்டு வீரர்கள் தாம் காத்த நாட்டிலே தங்குவதற்குப் பெருந்தொகை கட்ட வேண்டியிருந்தது. ஆறாண்டுப் பணி முடித்தோர்க்கு அக்கட்டணம் 2022இலேதான் நீக்கப்பட்டது. இலண்டனில் இந்தியா, ஆப்பிரிக்கா, கரீபியன் நாடுகளின் வீரர்களுக்கான நினைவு வாயில்கள் 2002இலும், பிரிக்ஸ்டனில் ஆப்பிரிக்க, கரீபிய வீரர்களுக்கான நினைவுக்கல் 2017இலும் அமைந்தன. இவற்றுள் எதுவும் தானாக வரவில்லை. படித்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஏடுகளைப் புரட்டிக் கேட்டுப் பெற்றவை.

இதுவே இம்மலரிலே இவ்வரலாற்றை எழுதியதற்குக் காரணம். சேவை மட்டும் உரிமையைப் பெற்றுத் தராது. எழுதப்படாத சேவை நினைவில்கூட நிற்காது. அந்த ஆப்பிரிக்கச் சுமைதூக்கிகளைப் போல நம் குடும்பங்களிலும் பெயரற்றுப் போனவர் பலர். படையிலே இருந்த பாட்டனார், துறைமுகத்திலே சுமை தூக்கியவர், சுரங்கத்திலே இறங்கியவர், மலைத்தோட்டத்திற்குப் போனவர் ஆகியோரின் பெயர்கள் எங்கே உள்ளன? இளைஞர்களே, வீட்டுப் பெட்டியின் அடியிலே கிடக்கும் பழைய பதக்கத்தை எடுத்து அதன் விளிம்பைப் பாருங்கள். முதல் உலகப் போர்க் காலத்துப் பதக்கமாயின், வீரரின் எண், பெயர், படைப்பிரிவு ஆகியவை அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். பணி விடுப்புச் சான்று, ஓய்வூதியப் புத்தகம் எதனையும் பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வீட்டு முதியவர்களிடம் கேட்டுத் தாய்வழி, தந்தைவழி மூன்று தலைமுறையின் பெயர்களையும் அவர் செய்த தொழில்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். இன்று கேட்காவிட்டால், நாளை கேட்பதற்கு அவர்கள் இருக்கமாட்டார்கள்.

நாய்க்கும் கல் நட்டுப் பெயர் எழுதிய நாட்டிலே பிறந்தவர்கள் நாம். நம் முன்னோர்க்குக் கல் நடப் பிறர் வருவர் எனக் காத்திருத்தல் வேண்டா. அவர்களுக்கு எழுத்து மறுக்கப்பட்டது. நமக்கு அது கிடைத்திருக்கிறது. அதைக் கொண்டு முதலில் எழுத வேண்டுவது அவர்தம் பெயர்களையே.